அவள் கயிற்றை அறுத்தாளா?

உரக்கடையில் உட்கார்ந்துகொண்டு போனில் கத்தாதே என்று என் வீட்டுக்காரர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு என்னால் முடியவில்லை. "அவ கயித்த அறுக்கவே இல்லடா! அறுத்தத நீ கண்ணால பாத்தியா?" என்று நான் போட்ட சத்தத்தில், சம்பா நடவுக்கு டிஏபி வாங்க வந்திருந்த பெரியவர் ஒருவர் மூட்டை மேல் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"என்னம்மா, கேஸா?" என்றார்.

"ஒரு மாதிரி கேஸ்தாங்க."

"பொண்ணு நம்ம பக்கத்துப் பொண்ணா?"

"வீடியோ கேம்ல வர்ற பொண்ணுங்க."

அவர் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ஒண்ணும் ஆவாது, ஜாமீன் கெடைச்சிரும்" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

போனின் அந்தப் பக்கம் இருந்தவன் என் தம்பி. சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. அவனுக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. நானும் அவனும் சின்ன வயதிலிருந்து ஆடிவரும் ஒரு சண்டை விளையாட்டில் ஒரு வீராங்கனை வருவாள். அவள் பெயரைத்தான் மகளுக்கு வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. கல்யாணத்துக்கு முன்பே, காதலிக்கிற காலத்திலேயே பெண்ணிடம் சொல்லிச் சம்மதம் வாங்கி வைத்திருந்த ஆசை. குழந்தை வயிற்றில் இருக்கும்போதே போனை மனைவியின் வயிற்றருகே வைக்கச் சொல்லி அந்தப் பெயரைச் சொல்லித்தான் கொஞ்சுவான். இப்போது பிள்ளையைப் பெற்றவள் திடீரென்று மாட்டேன் என்றுவிட்டாள். அதற்குக் காரணம் இந்தக் கயிறுதான். அவள் சொன்னதை அவன் அப்படியே ஒப்பிக்கப்போய்த்தான் நான் போனில் கத்தினேன்.

பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. சின்னப் பெயர், தமிழ் வாயில் தடுக்காமல் வரும் பெயர். அதற்கு மேல் பிள்ளை வளர்ந்து தானே சொல்லிக்கொள்ளட்டும்.

எங்கள் ஊர் மாயவரத்துக்குப் பக்கம். இப்போது மயிலாடுதுறை என்று போர்டில் இருக்கிறது, பஸ்ஸில் ஏறுகிறவர்கள் மாயவரம் என்றுதான் டிக்கெட் கேட்பார்கள். காவிரியைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூட நாட்களில் எங்களுக்கு முக்கியமாக இருந்தது பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் இருந்த கேம் கடை. தம்பி தனியாகப் போகக் கூடாது என்று அம்மா என்னைக் காவலுக்கு அனுப்பினார். காவலுக்குப் போனவள் கொஞ்ச நாளில் கடைக்கு வந்த பையன்கள் அத்தனை பேரையும் அடித்து உட்கார வைத்துவிட்டாள். கடையில் நான் ஒருத்திதான் பெண். தோற்றவர்கள் "அக்கா பட்டன நசுக்குது" என்று முணுமுணுப்பார்கள். நசுக்கினால்தான் என்ன, ஜெயித்தேனா இல்லையா?

நெருப்புக் கக்குகிறவன், இரும்புக் கை வைத்தவன், புலித்தோல் போர்த்தியவன் என்று ஆடுவதற்கு ஏகப்பட்ட பேர் இருந்தார்கள். இவள் கையில் மட்டும் ஒரு துடுப்பு. வாளில்லை, மந்திரமில்லை. படகு ஓட்டுகிறவள், அண்ணனோடு ஏதோ தீவில் நடக்கும் போட்டிக்கு வந்தவள். தம்பி மற்ற நேரங்களில் யார் யாரையோ எடுத்து ஆடுவான். நிஜமாகவே தோற்கப் பயமாக இருக்கும்போது இவளைத்தான் எடுப்பான்.

அவளை வைத்து எல்லோரையும் ஜெயித்துவிட்டால் கடைசியில் ஒரு படம் வரும். மழை, கடல், கரையை நெருங்கும் ஒரு படகு. படகில் அவள் மட்டும், முதுகைக் காட்டிக்கொண்டு. படகின் ஓரத்தில் ஒரு கயிற்று நுனி தொங்கும். கீழே எழுத்து ஓடும், ஆனால் அது ஜப்பான்காரன் எழுத்து. அதைக் கடைக்காரர்தான் எங்களுக்குப் படித்துச் சொல்வார். "அண்ணன்காரன் அலையில விழுந்துட்டான். அவன் இடுப்புல கயிறு, கயிறு இவ கையில. இழுத்து இழுத்துப் பாத்தா. கயிறு நைஞ்சு அறுந்துபோச்சு. விடியிற வரைக்கும் தேடினா, ஆள் இல்ல." தம்பி ஒவ்வொரு முறையும் அழுவான். உங்களுக்கு ஜப்பான் பாஷை தெரியுமா அண்ணே என்று நான் ஒரு நாள் கேட்டேன். "கேம் கடை வைக்கிறதுன்னா சும்மாவா?" என்றார். பெரிய மனிதர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாங்களும் நம்பினோம்.

அந்த நம்பிக்கையில் இருபது வருஷம் ஓட்டிவிட்டோம். நான் வாழ்க்கைப்பட்டுப் பட்டுக்கோட்டைப் பக்கம் வந்து உரக்கடையில் உட்கார்ந்தேன். தம்பி கல்லூரியில் கூடப் படித்த பெண்ணைக் கட்டினான். அவள் அதிராம்பட்டினத்தைத் தாண்டிக் கடலோரத்தில் ஒரு மீனவர் வீட்டுப் பெண். நெல் வீட்டுக்கும் மீன் வீட்டுக்கும் எப்படி ஒத்துப்போகும் என்று அம்மா ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு சம்பந்தி வீட்டிலிருந்து வந்த வஞ்சிரக் கருவாட்டைச் சாப்பிட்ட அன்று முகம் இறங்கிவிட்டது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில். மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்தவள், நம் பிள்ளைக்கு யார் பெயரைத்தான் வைக்கப்போகிறோம் பார்ப்போம் என்று இணையத்தில் தேடியிருக்கிறாள். அங்கே எங்கள் கடைக்காரர் சொன்ன கதை எந்த மூலையிலும் இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று இருந்தது. நாங்கள் ஆடியே பார்க்காத மூன்றாவது பாகத்தில் முகமூடி போட்ட ஒரு வில்லன் வருகிறான். முகமூடியைக் கழற்றினால் அது செத்துப்போன அண்ணன். "என் தங்கை கயிற்றை அறுத்துவிட்டு என்னைக் கடலில் விட்டுப் போனாள்" என்கிறான். அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

பிள்ளை பிறந்த மறுநாள் அவள் எங்கள் மூன்று பேர் வாட்ஸப் குழுவில் ஒரு குரல்பதிவு போட்டாள். பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம். "கடல்ல ஆள விட்டுட்டு வந்தவ பேரு என் புள்ளைக்கு வேணாம். மன்னிச்சிருங்க அண்ணி."

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. கடலோரத்தில் தண்ணீரில் ஆள் கிடக்கிறான் என்றால் எந்தப் படகும் திரும்பும். வலையை வெட்டிப் போட்டுவிட்டாவது திரும்பும். பகையாளியாக இருந்தாலும் தூக்கிப் போட்டுக்கொண்டு கரைக்கு வந்துவிட்டுத்தான் பகையைத் தொடருவார்கள். வயல்காட்டில் பிறந்த எங்களுக்கு அது கேள்விப்பட்ட விஷயம், அவளுக்கு வீட்டு விஷயம்.

ஆனால் தம்பி விடவில்லை. குழந்தை பிறந்த முப்பதாம் நாள் தொட்டிலில் போட்டுப் பெயர் வைப்பது. அதற்கு அவன் லீவில் வருவான். அதற்குள் அந்தப் பெண் குற்றமற்றவள் என்று நிரூபித்துவிட்டால் மனைவி மனம் மாறுவாள் என்று கணக்குப் போட்டான். நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த மாதிரி விளையாட்டில் யாரை எடுத்து ஆடி ஜெயித்தாலும் அவர்களுக்கென்று ஒரு முடிவு காட்டுவார்கள். இருபது பேர் என்றால் இருபது முடிவு. இருபதும் நடந்திருக்க முடியாதே? எது நிஜமாக நடந்தது என்பதை அடுத்த பாகம் வந்தால்தான் தெரியும். அந்த நிஜமான கதைக்குக் கேனன் என்று பெயர். கேனன் எது என்று சண்டை போடுவதற்கென்றே இணையத்தில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் இருக்கிறார்கள். அறுத்தாள் கட்சி, அறுக்கவில்லை கட்சி என்று பிரிந்து, அந்த முதல் படத்தின் கயிற்று நுனியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். பெரிதாக்கினால் அது நாலு பழுப்புப் புள்ளி. அந்த நாலு புள்ளி நைந்ததா வெட்டியதா என்று கோயம்புத்தூர்க்காரர் ஒருவரோடு நான் ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். எதிரில் இருப்பது உரக்கடைப் பெண்பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. "தம்பி, நீங்க இன்னும் வளரணும்" என்று எனக்கு அறிவுரை சொன்னார்.

எங்கள் குழுவிலும் விவாதம் அனல் பறந்தது. தம்பியின் வாதம் எளிமையானது. "அது வில்லன் சொல்றது அக்கா. வில்லன் பொய் சொல்லுவான்."

"பொய் சொல்றான்னு கேம்ல எங்கயாவது வருதா?" என்று கேட்டாள் அவள். ஆள் இல்லாத நேரத்தில் இருவரும் வாடா போடி என்று பேசிக்கொள்வார்கள், நான் குழுவில் இருப்பதால் மரியாதை. "வரலைல்ல? அப்ப நீங்க சொல்றதும் ஊகம்தானே?"

நான் வேறு பக்கத்திலிருந்து வந்தேன். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் குத்தகைக்கு உழுகிறவர்கள். நிலம் யார் பேரில் இருக்கிறது என்பது ஒன்று, யார் அனுபோகத்தில் இருக்கிறது என்பது வேறொன்று. பட்டா பட்டணத்தில் ஏதோ ஒரு பீரோவில் தூங்கும். சேற்றில் கால் வைத்தவனை வெளியே போ என்று அவ்வளவு சுலபத்தில் சொல்லிவிட முடியாது. "பட்டா அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட இருக்கட்டும்மா. இருபது வருஷமா அவள உழுது வெச்சது நாங்க. எங்க கதைக்கும் ஒரு உரிம உண்டு" என்றேன்.

அவளிடமிருந்து பதில் வந்தது. "அண்ணி, எங்க கடலுக்குப் பட்டாவே கெடையாது."

என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, இந்தப் பெண் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும் என்றார். எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

நான் கோயில் கதையையும் இழுத்தேன். அம்பாள் மயிலாக வந்து பூசித்த இடம் எங்கள் மாயவரம். மயிலாப்பூரில் கேட்டால் அங்கேதான் என்பார்கள். இதற்காக இரண்டு ஊரும் கோர்ட்டுக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. மயில் பறக்கிற பறவைதானே, இரண்டு இடத்துக்கும் போயிருக்கும். இப்படி வளர்ந்தவர்களுக்கு ஒரே ஒரு கதைதான் நிஜம் என்று எவனோ சொன்னால் எப்படி ஏறும்? அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரே போடாகப் போட்டார். "மயிலு, குயிலுன்னு என்னடி பேச்சு? அந்தச் சண்டக்காரி பேர விட்டுட்டு குலதெய்வம் பேர வைங்க." அம்மாவின் கட்சியில் அவர் ஒருவர்தான், ஆனால் அசைக்க முடியாத கட்சி.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்க்கப் போனேன். அம்மா கிண்டிக் கொடுத்த பிரசவ லேகியம் ஒரு டப்பா, அதிராம்பட்டினம் கடைத்தெருவில் வாங்கிய, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வட்டிலப்பம் ஒரு பொட்டலம். உள்ளே போனால் ஒரு காட்சி. தூளியில் குழந்தை, தூளிக் கயிற்றில் அவள் கால், பக்கத்துத் தட்டில் பால்சுறாப் புட்டு, கையில் தம்பி வளைகாப்புக்கு வந்தபோது விட்டுப்போன கேம் மெஷின். கால் தாலாட்டுகிறது, கை குத்துகிறது.

"இது எப்பலேர்ந்து?" என்றேன்.

"சும்மாதான் அண்ணி. யாரப் பத்திப் பேசுறோமோ அவங்களத் தெரிஞ்சுக்க வேணாமா?" என்றாள். திரையில் துடுப்புக்காரி இரும்புக் கைக்காரனைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தாள். "துடுப்ப எவனாவது இப்படிப் பிடிப்பானா? கை வெந்துபோயிரும். படம் வரஞ்சவன் கடலையே பாக்கல போல."

என்னோடு ஒரு ஆட்டம் போடச் சொன்னேன். மாயவரம் கேம் கடையையே ஆண்ட நான், பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆகாதவளிடம் தொடர்ந்து தோற்றேன். பட்டனை நசுக்குகிறாய் என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தாள். ஆனால் தான் பாதியில் விட்ட ஆட்டத்தை முடித்துக் கடைசிப் படம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். மழை, கடல், கரைக்கு வரும் படகு. அதை நகர்த்தாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏதாவது கேட்கலாமா என்று நினைத்தேன், அதற்குள் குழந்தை அழுதுவிட்டது.

தம்பி வந்து இறங்கிய வாரமே ஐந்தாவது பாகத்தின் முன்னோட்டம் வெளிவருவதாக அறிவிப்பு வந்தது. அதில் அந்தக் கடல் காட்சியைக் காட்டப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஊர் என்றால் இணையத்து ஊர். தம்பி திருச்சி விமான நிலையத்திலிருந்து நேராக மனைவியிடம் போனான். மறுநாள் மத்தியானம் எங்கள் கடைக்கு வந்துவிட்டான். பில் போடுகிற கம்ப்யூட்டரில் பார்ப்பதாக ஏற்பாடு. தீர்ப்பு நம் பக்கம்தான் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. "நைஞ்சு அறுந்துச்சுன்னு காட்டுவாங்க பாரேன். நம்ம கடைக்காரர் சும்மா சொல்லியிருக்க மாட்டாரு" என்றான். இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள் நான், நானும் வந்த ஆட்களை நிற்க வைத்துவிட்டு அவன் தோள் மேல் எட்டிப் பார்த்தேன்.

மழை வந்தது. படகு வந்தது. தண்ணீருக்குள் அண்ணன், இடுப்பில் கயிறு. படகு ஒருபக்கமாகச் சாய்கிறது. கேமரா அவள் கையைக் காட்டியது. கையில் கத்தி. கயிறு பட்டென்று அறுந்தது. யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று அதையே மெதுவாக இன்னொரு முறை காட்டினார்கள்.

தம்பி பொட்டாஷ் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். "கம்பெனிக்காரனே சொல்லிட்டான். இனிமே அப்பீல் எங்க?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் கேலி செய்யவில்லை, அவருக்கும் வருத்தம்தான்.

"முடிஞ்சுதுக்கா. அவ சொன்னதுதான் சரி" என்றான் தம்பி.

"என்னடா சரி? எவனோ ரூமுக்குள்ள உக்காந்து இப்ப எழுதுனது நமக்கெல்லாம் சட்டமா?"

"விடுக்கா. அவளே வேணாங்கிறா. நான் அவகிட்ட இதுக்கு மேல பேசுனா நல்லா இருக்காது. அம்மா சொன்ன பேரையே வெச்சிருவோம்."

சிங்கப்பூரில் கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லி மிட்டாய் கொடுத்துவிட்டு வந்தவன் அவன். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பொட்டாஷ் தூசியைத் தட்டிவிட்டுப் போனான். கோபத்தில் கோயம்புத்தூர்க்காரருக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். அவர் ஒரு சிரிக்கும் பொம்மையைப் பதிலாக அனுப்பினார்.

பெயர் வைப்பதற்கு முதல் நாள் உதவிக்கு நான் கடலோரத்துக்குப் போய்விட்டேன். காலை வெயில் ஏறியிருந்தது. அவளும் நானும் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து வெற்றிலையை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினோம். கொஞ்சம் தள்ளிப் படகு ஓரமாக அவளுடைய அப்பா யாரோடோ பேசிக்கொண்டு நின்றார். அதிகம் பேசாத மனிதர். நான் போனால் வாங்க என்பார், புறப்பட்டால் போய்ட்டு வாங்க என்பார், நடுவில் ஒன்றும் இருக்காது.

"அந்த வீடியோவ நானும் பாத்தேன் அண்ணி" என்றாள்.

"சரி விடு. நீதான் ஜெயிச்ச."

"நான் ஜெயிக்கணும்னு நெனைக்கவே இல்ல. நைஞ்சு போச்சுன்னு காட்டிருவாங்கன்னு இருந்தேன். காட்டலன்னதும் அழுகையே வந்துருச்சு."

வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டேன். அவள் படகுப் பக்கம் பார்த்தபடி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"எனக்கு நாலு வயசு இருக்கையில அப்பாவும் மாமாவும் கடலுக்குப் போனாங்க. மாமான்னா அம்மாவோட கூடப்பிறந்த தம்பி. பெரிய காத்து. அப்பா மட்டும் வந்தாரு. மாமா இடுப்புல கயிறு இருந்திருக்கு. அப்பா அறுத்துவிட்டுட்டாருன்னு ஊர்ல பாதிப் பேரு. படகு கவுந்துரும்னு மாமாவே அவுத்துக்கிட்டாருன்னு பாதிப் பேரு."

"அப்பா என்ன சொன்னாரு?"

"யாரும் கேக்கல. அம்மாவே கேக்கல. அன்னிக்கு அம்மா சோறு போட்டாங்க, அவரு சாப்ட்டாரு. எங்க வீட்ல அதுக்கு மேல பேச்சே கெடையாது."

நான் அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

"இவங்ககிட்ட, உங்க தம்பிகிட்ட, நான் சொன்னதில்ல அண்ணி. சொன்னா அப்பாவ வேற மாதிரி பாப்பாங்களோன்னு பயம். அந்தக் கேம் கத நெட்ல படிச்சப்ப எனக்கு அப்பா ஞாபகந்தான் வந்துச்சு. தெனம் அந்தப் பேரச் சொல்லி என் புள்ளையக் கூப்பிடணுமேன்னுதான் வேணாம்னேன்." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து அந்த வீடியோவ ரெண்டு மூணு தடவ பாத்தேன். எல்லாரும் அந்தக் கயித்தையே பாத்துக்கிட்டு இருக்கோம். அவ கரைக்கு வந்து சேந்தாளே, அத யாராவது பேசுனோமா? அப்பா அன்னிக்கு வரலன்னா நானும் அம்மாவும் என்னாயிருப்போம்? அறுத்தாரோ அறுக்கலையோ, வந்தாரு. எனக்கு அதுதான் கத."

அப்புறம் என் பக்கம் திரும்பி, "நாளைக்கு அத்தை முறைக்குப் பேரு சொல்லப்போறது நீங்கதானே?" என்று கேட்டாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெயரை யார் வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் பிள்ளையின் காதில் முதலில் சொல்கிறவள் அப்பாவோடு பிறந்த அத்தை. அவள் சொன்னதுதான் பெயர். வாய் தவறிச் சொல்லிவிட்டாலும் அதுதான் பெயர் என்பார்கள், திருப்பி எடுக்கிற பேச்சே கிடையாது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஒரே ஒரு முறை தலையாட்டினாள். அதற்குள் அவளுடைய அம்மா காபியோடு வந்துவிட்டார். இருவரும் வெற்றிலையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டோம்.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். மாயவரத்திலிருந்து ஒரு வேன் நிறைய எங்கள் சனம். கடலோரத்துச் சனம் அதற்கு இரண்டு பங்கு. புதுத் தொட்டிலில் பிள்ளையைப் போட்டதும் தம்பி என் அருகில் வந்து, அம்மா சொன்ன பெயரை என் காதில் ஒரு தடவை நினைவுபடுத்தினான். "மறந்துராதக்கா." நான் சரி என்றேன். குனிந்து, ஒரு வெற்றிலையைப் பிள்ளையின் காதோரம் மறைப்பாகப் பிடித்து, மூன்று முறை சொன்னேன். பால் வாசனை அடித்தது. பிள்ளை ஒரு கண்ணைத் திறந்து யார் இவள் என்பது போல் பார்த்தது. நிமிர்ந்து, கடையில் கத்துகிற குரலில் எல்லோருக்கும் கேட்கும்படி அந்தப் பெயரைச் சொன்னேன்.

குலவைச் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. "என்னடி சொன்ன?" என்று என் கையைப் பிடித்துக் கிள்ளினார். "சொல்லியாச்சும்மா" என்றேன். தம்பி என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தான். அவள் நிமிராமல் தொட்டில் சேலையை இழுத்துச் சரிசெய்தாள். காதுவரை சிவந்திருந்தாள். அவன் அத்தனை பேர் நடுவில் சின்னப் பையன் மாதிரி தேம்பிவிட்டான். "என்னங்க இது, போய்ப் பந்தியப் பாருங்க" என்று அவள் அதட்டினாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் கிள்ளு வாங்கியதில்லை.

அப்பாவின் கதையை அவளே பிறகு அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் மாமனாரை வேறு மாதிரி பார்க்கவில்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "யாரு பேரும் போடாம எழுதுங்க அண்ணி" என்றாள்.

பெயர் வைத்த அன்று, முதல் பந்தியில் எங்கள் பெரியம்மா ஒருவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவருக்கு எல்லாவற்றுக்கும் விளக்கம் வேண்டும். எதிர் வரிசையில் தம்பியின் மாமனார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் வந்தவளை நிறுத்தி, "ஏம்மா, வாய்க்குள்ள நல்லா நுழையிது, ஆனா கேட்ட பேரா இல்லையே. எந்தச் சாமி பேரு இது?" என்று கேட்டார் பெரியம்மா.

"சாமி இல்லைங்க அத்த" என்றாள் அவள். "கடலுக்குப் போயிட்டுத் திரும்பி வந்த ஒருத்தி பேரு."

இலையில் கை வைத்திருந்த அவளுடைய அப்பா நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.